பழைய ஸ்னோமொபைலில் பிக்கப் இல்லை: எஞ்சினைத் திறப்பதற்கு முன் எதையெல்லாம் பார்க்கலாம்?

கேள்வி இதுதான். 2000-களின் நடுவில் வந்த ஸ்கி-டூ 600, பனிமேல் ஓட்டுகிற வண்டி. கார்புரேட்டர் வைத்த இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். ஒன்டாரியோவில் சட்பரிக்கு வடக்கே ஒருவரிடம் பழையதாக வாங்கியது. வாங்குவதற்கு முன் இரண்டு குளிர்காலம் ஷெட்டிலேயே நின்றிருக்கிறது. ஸ்டார்ட் ஆகிறது, ஐட்லிங் சீராக இருக்கிறது, பாதி திராட்டில் வரை குறை ஒன்றும் தெரியவில்லை. முழுதாக அழுத்தினால் மட்டும் 6,200 ஆர்பிஎம்மில் நின்றுவிடுகிறது. வேகம் 75 கி.மீ.க்கு மேல் ஏறுவதில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியதற்கு, ‘எஞ்சின் போய்விட்டது, பிரித்துதான் பார்க்க வேண்டும்’ என்றார்களாம். பிரிப்பதற்கு முன் வீட்டிலேயே என்ன பார்க்கலாம்?

நிறையப் பார்க்கலாம். அதற்கு முன் ஒன்றை நிறுத்துங்கள். ‘நாலு தடவை முழுசாக அழுத்தி ஓட்டினால் அடைப்பு தானாகப் போய்விடும்’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே வரும் பெட்ரோல் எரிவதற்கு மட்டும் வருவதில்லை. பிஸ்டனுக்குக் குளிர்ச்சி தருவதும் அதுதான். பெட்ரோல் குறைவாகப் போகிற எஞ்சினை முழு திராட்டிலில் ஓட்டினால் பிஸ்டன் தலையின் சூடு கட்டுக்கடங்காமல் ஏறும். எக்ஸாஸ்ட் பக்கத்தில் அலுமினியம் உருகி சிலிண்டர் சுவரில் அப்பிக்கொள்ள அதிக நேரம் ஆகாது. இன்றைக்கு ஒரு ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற சின்னத் துளைத் திருகு) கழற்றிச் சுத்தம் செய்தால் தீரக்கூடிய விஷயம், நாளைக்கு ஆயிரம் டாலருக்கு மேல் இழுக்கிற ஓவர்ஹாலாக மாறுவது இப்படித்தான்.

ஆர்பிஎம்மையும் வேகத்தையும் சேர்த்துச் சொன்னது நல்லதாகப் போயிற்று. எத்தனை ஆர்பிஎம் குறைகிறது என்பதே இதில் பாதி விடை. இந்த 600 நல்ல நிலையில் இருந்தால் முழு திராட்டிலில் 8,000-க்கு அருகில் ஓட வேண்டும். அதன் சக்தியெல்லாம் அந்த உச்சத்தில்தான் இருக்கிறது. மீட்டர் 8,000 காட்டியும் வண்டி 75-ல் நகர்கிறது என்றால் எஞ்சின் மேல் பழி இல்லை. பெல்ட், கிளட்ச், பிரேக், ட்ராக் (பனியைப் பிடித்துத் தள்ளும் ரப்பர் பட்டை) என்று பின்னால் போய்த் தேட வேண்டும். மீட்டரே ஏறவில்லை என்றால் எஞ்சின் பக்கம் வர வேண்டும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஸ்னோமொபைலில் கியர் கிடையாது. ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டரில் இருக்கிற அதே பெல்ட்–புல்லி சிவிடிதான், உருவத்தில் பெரியது. பின் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்துபோனால் பெல்ட் சீக்கிரமே உயர் விகிதத்துக்கு ஏறி, நன்றாக இருக்கிற எஞ்சினையும் அமுக்கிவிடும். முன் கிளட்சில் எடை சரியில்லை என்றாலும் அப்படித்தான். ஆனால் அதெல்லாம் பெரும்பாலும் சில நூறு ஆர்பிஎம் கணக்கு. உங்களுக்குக் குறைவது 1,800. அவ்வளவு பெரிய ஓட்டைக்குக் கிளட்சை முதலில் சந்தேகிக்க மாட்டேன். ஒரு சிலிண்டர் அரைகுறையாக வேலை செய்கிறது, அல்லது இரண்டுக்கும் மேல் திராட்டிலில் பெட்ரோல் போதவில்லை. இந்த இரண்டில் ஒன்று என்பதுதான் என் கணிப்பு.

முதல் வேலை கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அமுங்குகிறது என்று பார்ப்பது. ஒர்க்‌ஷாப் சொன்னது சரியா என்பதற்கு விடை அரை மணி நேரத்தில் கிடைத்துவிடும். திருகு வைத்த கம்ப்ரஷன் கேஜ் ஆட்டோ பார்ட்ஸ் கடைகளில் கிடைக்கும். சில கடைகளில் இரவலாகவே தருவார்கள். எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி நிறுத்துங்கள். டெதர் மூடியை (ஓட்டுபவர் உடையில் கயிற்றால் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புச் சாவி) கழற்றுங்கள். இரண்டு பிளக்கையும் எடுத்து அவற்றின் கேப்பிலேயே செருகி, எஞ்சின் உலோகத்தில் படும்படி வையுங்கள். கேஜைத் திருகிவிட்டு, திராட்டிலை முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டு, ஸ்டார்ட்டர் கயிற்றை ஊசி மேலே ஏறுவது நிற்கும்வரை பலமாக இழுங்கள். பலர் தவறவிடுவது திராட்டிலைத்தான். மூடியிருந்தால் காற்றே உள்ளே போகாது. நல்ல எஞ்சினும் செத்த எஞ்சின் மாதிரி எண் காட்டும். இந்த ரக எஞ்சினில் 120–140 பிஎஸ்ஐ வந்தால் கவலை இல்லை. கேஜுக்குக் கேஜ் கொஞ்சம் மாறும், ஆகவே எண்ணைவிட இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று 125, இன்னொன்று 90 என்று வந்தால், மன்னிக்கவும், ஒர்க்‌ஷாப் சொன்னதுதான் சரி.

எண் நன்றாக வந்தாலும் பிஸ்டனைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரிங் இன்னும் தாங்கிக்கொண்டிருக்க, பிஸ்டனில் கீறல் தொடங்கியிருக்கலாம். இந்த எஞ்சினில் அதற்கு வசதி உண்டு. எக்ஸாஸ்ட் பக்கம் ஒவ்வொரு சிலிண்டரிலும் ரேவ் வால்வ் (எக்ஸாஸ்ட் துவாரத்தின் உயரத்தை மாற்றும் தட்டு, பின்னால் சொல்கிறேன்) ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் தட்டையான ஒரு துவாரம் தெரியும். டார்ச் அடித்துக்கொண்டு கயிற்றை மெதுவாக இழுத்தால் பிஸ்டன் அந்த ஜன்னலைக் கடந்து ஏறி இறங்குவது தெரியும். பக்கவாட்டு வழவழப்பாக, சாம்பல் நிறமாக இருந்தால் சரி. மேலிருந்து கீழாக நேர்க்கோடுகளாகக் கீறல் இருந்தால் அது ஏற்கெனவே ஒருமுறை சூடாகிப் பிடித்த பிஸ்டன். கீறல் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் இருந்தால் பெட்ரோல் குறைவு காரணமாக இருக்கலாம். சுற்றிலும் நான்கு இடத்தில் இருந்தால், விற்றவர் குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்காமலேயே விரட்டியிருப்பார்: பிஸ்டன் சீக்கிரம் விரிந்துவிடும், சிலிண்டர் அந்த வேகத்துக்கு விரியாது.

கம்ப்ரஷன் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, எந்தச் சிலிண்டர் சோம்பேறி என்று பார்க்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் கழித்து இரண்டு எக்ஸாஸ்ட் கிளைகளின் சூட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள். ஷெட் கதவு திறந்திருக்கட்டும். கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாது. ஐட்லிங்கில் இரண்டும் ஒன்றாக இருந்து, ஓட்டிவிட்டு வந்து உடனே பார்க்கும்போது ஒன்றில் மட்டும் சூடு குறைவாக இருந்தால், அந்தச் சிலிண்டரின் மெயின் ஜெட்டுக்குத்தான் நேராகப் போவேன். பிளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று காப்பி நிறம், இன்னொன்று வெளுத்து உலர்ந்திருந்தால் வெளுத்தது பெட்ரோல் குறைந்தது. கறுத்து ஈரமாக இருந்தால் கதை தலைகீழ்: பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, அல்லது அங்கே ஸ்பார்க் வரவில்லை.

சரி, பெட்ரோல். இரண்டு குளிர்காலம் நின்ற வண்டி என்றதுமே என் சந்தேகம் இங்கேதான் வந்து நிற்கிறது.

கார்புரேட்டருக்குள் மூன்று பாதை உண்டு. ஐட்லிங்கிலிருந்து கால் திராட்டில் வரை பைலட் ஜெட் பார்த்துக்கொள்ளும், நடுவில் ஊசி, முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். பாதி வரை நன்றாக ஓடி மேலே படுத்துவிடுகிற வண்டியில் பைலட்டைத் தொட வேண்டியதில்லை. பெட்ரோல் மாதக்கணக்கில் கார்புரேட்டரின் அடியிலுள்ள கிண்ணத்தில் நின்று ஆவியானால் அடியில் மஞ்சளாக, வார்னிஷ் மாதிரி ஒரு படலம் விட்டுப்போகும். மெயின் ஜெட்டின் துளையில் அது லேசாக ஒட்டினாலும் போதும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஒளி தெரியும், ‘அடைப்பு இல்லை’ என்று திரும்ப மாட்டிவிடுவார்கள். துளை வட்டமாக இருக்கிறதா, ஓரம் பளபளப்பாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு ஜெட்டையும் சேர்த்துப் பிடித்து ஒப்பிட்டால் புரியும். கம்பி விட்டுக் குடையாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கார்ப் கிளீனரும் காற்றும் போதும். புது ஜெட்டே சில டாலர்தான்.

‘விற்றவர் கார்புரேட்டரைச் சுத்தம் செய்துதான் கொடுத்தார்’ என்று நீங்கள் சொல்லலாம். எல்லா விற்பனையிலும் அப்படித்தான் சொல்வார்கள். கிண்ணத்தைத் திறந்து பாருங்கள்.

நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு விவரம் எனக்கு வேண்டும். நின்ற இடத்திலிருந்து முழுதாக அழுத்தும்போது முதல் சில வினாடிகள் நன்றாக இழுத்து, அப்புறம் தொய்கிறதா? அல்லது தொடக்கத்திலிருந்தே 6,200-ஐத் தாண்டுவதில்லையா? தொடக்கத்திலிருந்தே என்றால் ஜெட். முதலில் இழுத்து, பிறகு தொய்ந்து, கொஞ்சம் விட்டுப் பிடித்தால் மறுபடி இழுக்கிறது என்றால் கிண்ணத்தில் இருப்பது தீர்ந்து போகிற வேகத்துக்குப் புதிதாக நிரம்பவில்லை. அப்போது ஜெட்டை விட்டுவிட்டுப் பின்னால் போங்கள். முதலில் டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். தொல்லை போய்விட்டால் டேங்கின் காற்றுக் குழாய் எங்கோ மடிந்திருக்கிறது, அல்லது உள்ளே பனி உறைந்திருக்கிறது, செலவே இல்லை. போகவில்லை என்றால் டேங்குக்குள் இருக்கிற வலை ஃபில்டர், அங்கிருந்து வருகிற ஓஸ், பிறகு பம்ப்.

பம்ப் மின்சாரத்தில் ஓடுவதில்லை. கிராங்க் கேஸின் அழுத்த ஏற்ற இறக்கம் ஒரு சிறு ரப்பர் குழாய் வழியாக வந்து மெல்லிய சவ்வை ஆட்டும், அதுதான் பம்ப். அந்தக் குழாயில் முடி அளவு வெடிப்பு இருந்தாலும், சவ்வு காய்ந்து விறைத்திருந்தாலும், ஐட்லிங்குக்குப் பெட்ரோல் போகும், உச்சத்துக்குப் போகாது. இருபது வருஷ ரப்பரைக் கையால் மடக்கிப் பாருங்கள். மடக்கும் இடத்தில் கோடு கோடாகப் பிளந்தால் கேள்வி கேட்காமல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ப்ரைமர் (ஸ்டார்ட் செய்யும்போது பெட்ரோலைக் கையால் உள்ளே தள்ளும் சிறு பம்ப்) இருந்தால் அதன் மெல்லிய குழாயையும்.

எத்தனாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்டாரியோவில் சாதாரண பெட்ரோலில் ஏறக்குறைய பத்து சதவீதம் எத்தனால் இருக்கும். அது ஈரத்தை இழுக்கும். நின்ற வண்டியில் அந்த நீர் பிரிந்து கிண்ணத்தின் அடியில் தங்கும். பழைய பெட்ரோலை முழுதாக வடித்துவிட்டுப் புதியதை ஊற்றாமல் எந்தச் சோதனையும் செய்ய வேண்டாம்.

பெட்ரோல் குறைவா, கூடுதலா என்று குழப்பமாக இருந்தால் பழைய மெக்கானிக்குகளின் வழி ஒன்று உண்டு. 6,200-ல் அது மாட்டிக்கொண்டு நிற்கும்போது ஒரு கணம் சோக்கைப் பாதி இழுங்கள், அல்லது ப்ரைமரை ஒருமுறை அழுத்துங்கள். ஆர்பிஎம் துள்ளி ஏறினால் பெட்ரோல் குறைவு உறுதி. இன்னும் கொழகொழவென்று விழுந்தால் ஏற்கெனவே கூடுதல். இதைச் செய்ய நேராக, ஆளில்லாத இடம் வேண்டும். சில வினாடிக்கு மேல் வேண்டாம்.

வண்டி இதற்கு முன் எங்கே ஓடியது என்றும் விற்றவரிடம் கேளுங்கள். உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். 300 மீட்டருக்குச் சுமார் மூன்று சதவீத சக்தி போகும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ரெவல்ஸ்டோக் பக்கம் 2,000 மீட்டரில் ஓட்டியவர் சின்ன மெயின் ஜெட் போட்டிருப்பார், அங்கே அதுதான் சரி. அதே ஜெட்டோடு சட்பரிக்கு வந்தால் பிஸ்டனுக்கு ஆபத்து. குளிரும் அப்படியே. பூஜ்யம் டிகிரியைவிட மைனஸ் முப்பதில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 12 சதவீதம் அதிகம். மார்ச் மாதத்தில் பொருந்திய ஜெட் ஜனவரியில் போதாது. சில மாடல்களில் டிபிஎம் என்கிற சின்னப் பெட்டி இதைத் தானே சரிசெய்யும். அதன் ரப்பர் குழாய் கழன்றிருந்தால் அதுவே கலவையைக் கெடுத்துவிடும்.

காற்று வருகிற வழியில் இரண்டு இடம். ஒன்று, கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கிற ரப்பர் பூட். வெளிப்பார்வைக்குக் குறை தெரியாது, கழற்றி வளைத்தால்தான் உள் வெடிப்பு தெரியும். வெடிப்பு வழியாக வருகிற காற்றுக்குப் பெட்ரோல் கணக்கு கிடையாது. ஐட்லிங்கில் ஆர்பிஎம் தானாக ஏறி, இறங்க மறுத்தால் பூட்டையும், அதில் இல்லையென்றால் கிராங்க் சீலையும் பாருங்கள். இரண்டாவது ஏர் பாக்ஸ். ஷெட்டில் நின்ற வண்டியில் எலிக்கூடு இருப்பது நகைச்சுவை இல்லை. சீட் பஞ்சு, காய்ந்த புல், கொட்டை ஓடு எல்லாம் அங்கே இருக்கும். சைலன்சருக்குள்ளும் இருக்கும். ஸ்டார்ட் ஆகும், ஐட்லிங் வரும், மேலே மூச்சு முட்டும். உங்கள் அறிகுறியோடு அச்சாகப் பொருந்துகிறது, அதனால் ஜெட்டைக் கழற்றுகிற அன்றே ஏர் பாக்ஸ் மூடியையும் திறந்துவிடுங்கள்.

இப்போது ரேவ் வால்வ். ஆஸ்திரியாவில் குன்ஸ்கிர்ஷனில் ரோட்டாக்ஸ் நிறுவனம் ஸ்கி-டூவுக்குச் செய்கிற எஞ்சின்களின் அடையாளம் என்றே சொல்லலாம். கீழ் ஆர்பிஎம்மில் தட்டையான இந்த வால்வ் இறங்கி எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் ஓரத்தை மறைக்கும். வேகம் கூடியதும் எக்ஸாஸ்ட் அழுத்தமே ரப்பர் பெல்லோஸை உப்பவைத்து அதை மேலே தூக்கும். எண்ணெய் கரியாகி வால்வ் ஒட்டிக்கொண்டாலும், பெல்லோஸ் கிழிந்தாலும் அது திறக்காது, உச்ச ஆர்பிஎம்மில் 500 முதல் 1,000 வரை காணாமல் போகும். ஆகவே உங்கள் 1,800-க்கு இது முழு விடையாக இருக்க முடியாது, ஒரு பங்காளியாக இருக்கலாம். பிஸ்டனைப் பார்க்க எப்படியும் கழற்றப் போகிறீர்கள். கரியைச் சுரண்டி, பெல்லோஸை விரலால் விரித்து ஓட்டை பாருங்கள். விரலால் தள்ளினால் வால்வ் தங்குதடையின்றி ஏறி இறங்க வேண்டும். இரண்டு சிவப்புத் திருகும் ஒரே அளவில் இருக்கட்டும்.

எக்ஸாஸ்ட் பைப் இணைப்பில் ஸ்பிரிங் எதுவும் காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே கசிகிற சூடான புகை மூடிக்குள்ளேயே சுற்றி ஏர் பாக்ஸுக்குள் போனால் எஞ்சின் தன் புகையைத் தானே குடிக்கும். இணைப்பைச் சுற்றிக் கறுப்பாகத் தெறித்திருந்தால் அதுதான்.

மின்சாரப் பக்கம் சுருக்கமாக: புது பிளக் போடுங்கள், கேப்பைக் கழற்றி உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள், கேப்பின் மின்தடை சுமார் 5,000 ஓம் வர வேண்டும். டெதர் சாவியை வண்டி அடையாளம் காணாவிட்டால் 3,000-க்கு மேலேயே ஏறாது, உங்களுடையது அதைத் தாண்டுவதால் அதை விட்டுவிடலாம். சூடான பிறகு மட்டும் ஒரு சிலிண்டர் விடுகிறது என்றால் ஸ்பார்க் தரும் இக்னிஷன் காயில், அல்லது மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர். இதற்கு மீட்டரும் கையேடும் உள்ளவர் வேண்டும்.

இவ்வளவும் சரியாகி, மீட்டர் 7,600 வரை வந்து நின்றுவிட்டால், அப்போது கிளட்ச். முன் கிளட்சில் 1 முதல் 6 வரை எண் போட்ட மூன்று திருகுகள் இருக்கும். ஒரு எண் மாறினால் சுமார் 200 ஆர்பிஎம் மாறும். மூன்றும் ஒரே எண்ணில் இருக்கிறதா என்று மட்டும் இன்றைக்கே பார்த்துவிடலாம். பெல்ட்டின் அகலத்தை அளந்து கையேட்டின் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். பெல்ட் இல்லாமல் எஞ்சினை ரேஸ் பண்ணவே கூடாது. பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி ட்ராக்கைக் கையால் சுற்றினால் பிரேக் பிடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். தூக்கி நிறுத்திய வண்டியை ஸ்டார்ட் செய்தால் பின்னால் யாரும் நிற்க வேண்டாம். ட்ராக் கல்லையும் பனிக்கட்டியையும் வீசி அடிக்கும்.

எல்லாம் மாட்டிய பிறகு சோதனை ஓட்டத்துக்கு ஏரியின் வெறும் பனிக்கட்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். குளிர்ச்சி தருகிற ரேடியேட்டர் ட்ராக்குக்கு மேலே இருக்கிறது. ட்ராக் அள்ளி வீசுகிற தளர்ந்த பனிதான் அதைக் குளிர்விக்கும். வழவழப்பான ஐஸில் எஞ்சின் சூடேறும், அந்தச் சூட்டிலும் சக்தி விழும், நீங்கள் மறுபடி கார்புரேட்டரைச் சந்தேகிப்பீர்கள். பனி மூடிய ட்ரெய்லில், எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, சில வினாடி மட்டும் முழுதாக அழுத்தி, உச்ச எண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷன் எண், சூடு குறைந்த பக்கம் எது, முதல் சில வினாடி இழுக்கிறதா இல்லையா — இந்த மூன்றையும் எழுதுங்கள். மெயின் ஜெட்டில் பொறித்திருக்கும் எண்ணையும் பார்த்தீர்கள் என்றால், அது உங்கள் ஊருக்குப் பொருந்துகிறதா என்று கையேட்டின் அட்டவணையோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன்.